செகண்ட் ஷிப்ட் வாரத்து நடை

நம் வயதுக்காரர்கள் இப்போது எதிரே வந்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "நடந்தாச்சா?" என்றுதான் கேட்கிறோம். ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு முழங்கால், இன்னொருத்திக்கு ரத்தக்கொதிப்பு. வியாதி வேறு வேறாக இருந்தாலும் டாக்டர் எல்லோருக்கும் நடக்கத்தான் சொல்கிறார். யாரோடு நடப்பது என்று மட்டும் சொல்வதில்லை. அங்கேதான் நமக்குள் சண்டை வருகிறது.

போன வாரம் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் எல்லோரும் அடித்துக்கொண்டீர்கள். வீட்டுக்காரரோடு வந்தால் அவர் வேகத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது என்றாள் ஒருத்தி. தனியாகப் போனால் நாய் துரத்துகிறது, கூட ஆள் வேண்டும் என்றாள் இன்னொருத்தி. கூட ஆள் இருந்தால் வாய்தான் நடக்கிறது, கால் நடப்பதில்லை என்று மூன்றாமவள் சொன்னதும், அது யாரைக் குத்திச் சொன்னது என்று அரை மணி நேரம் போனது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்றே, வாயத் தொறக்க மாட்டேங்கறே?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த பதில் கொஞ்சம் நீளம். எங்கள் அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் எழுதிவிடுகிறேன், சாவகாசமாகப் படியுங்கள்.

நாமெல்லாம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்கள், ஷிப்டைப் பற்றி நமக்குள் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் நான் எழுதுவதை என் வெளியூர் மருமகளும் படிப்பாள், அவளுக்காக ஒரு வார்த்தை. மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியானம் போய் ராத்திரி திரும்பும் செகண்ட் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். இது மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் பஸ் பிளாக் முனையில் வந்து நிற்கும். யார் எந்த பஸ்ஸில் ஏறுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டில் கதவைத் தட்டலாம், எந்த வீட்டில் ஆள் தூங்குகிறார், எங்கே பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது என்பதெல்லாம் அந்த வாரத்து ஷிப்டைப் பொறுத்தது. அடுத்த வீட்டின் ஷிப்டைத் தெரிந்துவைத்திருப்பது அங்கே வம்பு இல்லை, மரியாதை. வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

எங்கள் அப்பாவுக்குக் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் வேலை. அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் நான் ஒரே பிள்ளை. எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த அத்தை பக்கத்திலிருக்கும் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. சொந்த அத்தை இல்லை, எதிர் வீட்டில் இருந்ததால் அத்தை. அவளுடைய வீட்டுக்காரரும் மைன்ஸ்தான், அப்பாவோடு ஒரே செக்ஷன். நான் சொல்லப்போவது ஒரு கோடை விடுமுறையில் நடந்தது. எனக்கு அப்போது முன்பல் விழுந்து முளைக்கத் தொடங்கியிருந்தது.

அந்தக் கோடையின் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அத்தை வீட்டுக்கு ஊரிலிருந்து பலாப்பழம் வந்து இறங்கும். வெட்டினால் பிளாக் முழுவதும் மணக்கும். அதோடு கரிக்கட்டி அடுப்பின் புகை, வெயிலில் காயும் துணியில் படியும் மண்ணின் வாடை. அம்மா கொடியிலிருந்து துணியை எடுக்கும்போதே ஒரு உதறு உதறிவிட்டுத்தான் மடிப்பாள். ரோட்டோரம் மயில்கொன்றைகள் சிவப்பாகப் பூத்து, கீழே விழுந்த பூ தார் வெயிலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பார்க்கில் ஒரு கம்பத்தின் உச்சியில் ரேடியோ குழாய் கட்டியிருப்பார்கள், நினைவிருக்கிறதா? சாயங்காலம் ஆனால் விவசாயச் செய்தி, அப்புறம் மாநிலச் செய்தி, அப்புறம் கொரகொர. அந்தக் கம்பம் எப்போது போனது என்று நம்மில் யாருக்கும் தெரியாது.

அந்தக் கோடையில்தான் அம்மா நடக்க ஆரம்பித்தாள். டாக்டர் சொல்லவில்லை, உடம்பு இளைப்பதற்காகவும் இல்லை. அப்பா செகண்ட் ஷிப்ட் போகும் வாரத்தில், வெயில் தாழ்ந்ததும் முகம் கழுவி, தலை வாரி, புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நான் பிளாக் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருப்பேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவாள். கையில் காய்கறிப் பை இருக்காது, கோயில் குங்குமமும் இருக்காது.

ஏன் அந்த வாரம் மட்டும் என்பது இப்போது குடும்பம் நடத்திப் பார்த்த எனக்குச் சுலபமாகப் புரிகிறது. காலை ஷிப்ட் வாரத்தில் அப்பா மூன்று மணிக்கே வீட்டில் இருப்பார். காபி, டிபன், அவரைப் பார்க்க வரும் ஆட்கள் என்று சாயங்காலம் ஓடிவிடும். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்கி எழுந்ததும் ராத்திரிச் சாப்பாட்டை வேளையோடு முடித்து அனுப்ப வேண்டும். செகண்ட் ஷிப்ட் வாரத்தில்தான் மத்தியானமே டிபன் கேரியரைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டால் சாயங்காலம் அவளுடையது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் வாசலில் நின்று பார்க்கிற கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? புருஷன் ஷிப்ட் பஸ் ஏறிய வாரம் பார்த்து, பெண்டாட்டி புடவை மாற்றிக்கொண்டு எங்கேயோ கிளம்புகிறாள். அப்படித்தான் தெரியும்.

அத்தை முதலில் நேராகவே கேட்டாள்.

"என்னாக்கா, சாயங்காலம் ஆனா எங்கியோ கெளம்பிடறீங்க?"

"சும்மா நடந்துட்டு வாரேன்."

"நடந்துட்டா? எங்க?"

"எங்கயும் இல்ல. இப்படிப் போயிட்டு அப்படி வந்துருவேன்."

"எங்கயும் இல்லாம எப்பிடிக்கா நடக்கறது?"

அத்தை கேட்டதில் விஷமம் எதுவும் இல்லை. அவள் வளர்ந்த ஊரில் முந்திரிக் கொல்லைக்கு நடப்பார்கள், பஸ்ஸுக்கு நடப்பார்கள், வேண்டுதல் இருந்தால் கோயிலுக்கு நடப்பார்கள். போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் காலை எடுத்து வைத்த ஆளை அவள் பார்த்ததே இல்லை. அம்மாவும் விளக்கிச் சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த செகண்ட் ஷிப்ட் வாரத்தில் அத்தை ஒரு யோசனை சொன்னாள். "பொம்பள ஒண்டியா போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கக்கா. தொணைக்குப் பொண்ணையாவது கூட்டிகினு போங்க."

இந்தத் துணைக்கு அனுப்பும் வழக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. முப்பது வயதை நெருங்கும் திடகாத்திரமான பெண்ணுக்குக் காவல், பல் விழுந்த ஒரு வாண்டு. ஒரு திருடன் வந்திருந்தால் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்திருக்கும். ஆனாலும் ஊர் நியாயம் அது. கூட ஒரு பிள்ளை இருந்தால் அந்தப் பெண் எங்கேயோ வேலையாகப் போகிறாள், இல்லாவிட்டால் திரிகிறாள்.

எனக்கென்னவோ குஷிதான். பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் போகும் வழியெல்லாம் பேசினேன். பிளாக்கில் யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த மரத்தில் எத்தனை கிளிக்கூடு, மைன்ஸுக்குள் விழுந்தால் அடுத்த பக்கம் எந்த நாட்டில் போய் வருவோம், எல்லாம். அம்மா "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நெற்றியில் சுக்கை உரசிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் கிளம்பும்போது, "வாயத் தொறக்காம வாரதா இருந்தா வா" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு போனேன். அப்போதுதான் அம்மா நடப்பதைப் பார்த்தேன். வீட்டில் எப்போதும் குனிந்த முதுகு அங்கே நிமிர்ந்திருந்தது. மரங்கள் அடர்ந்த ரோட்டில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தூரத்து மைன்ஸ் இரைச்சல் காற்றில் வந்துகொண்டிருந்தது. அவள் எதையும் தேடவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. அவளைப் பார்த்தால் எனக்குத் தெரிந்த அம்மா மாதிரியே இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை விலக்கவில்லை, ஆனால் நடை மாறிவிட்டது.

இதற்கிடையில் விஷயம் ஷிப்ட் பஸ் ஏறிவிட்டது. அத்தை தன் வீட்டுக்காரரிடம் சொன்னது வேறு. "அவரு செகண்ட் ஷிப்ட் போற வாரமா பாத்து இது சிங்காரிச்சிகினு போவுது" என்பதுதான் அவள் சொன்னது. எதிர்வீட்டு மாமா நல்ல மனுஷன். அதை அப்படியே அப்பாவிடம் கொண்டுபோய்ச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க வூட்டம்மா ஒண்டியா நடந்துகினு போவுதாங்க. ஊர் நெனப்போ என்னாவோ. மனசு சங்கடத்துல இருந்தா நீங்க கொஞ்சம் கூட மாட இருங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதை அப்படியே நம்பிவிட்டார். தன் பெண்டாட்டி துணையில்லாமல் ஏங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

உடனே அப்பா ஒரு காரியம் செய்தார். எதிர்வீட்டு மாமாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் ஆகாது. அவரிடம் பேசி ஷிப்டை மாற்றிக்கொண்டார். அப்பாவின் செகண்ட் ஷிப்ட் வாரங்களை மாமா பார்ப்பார், மாமாவின் நைட் ஷிப்ட் வாரங்களை அப்பா பார்ப்பார். அதிகாரி ஒப்புக்கொண்டுவிட்டார். இனி எல்லாச் சாயங்காலமும் அப்பா வீட்டில் இருப்பார். அதற்கு விலையாக மாதத்தில் பாதிக்கு மேல் ராத்திரி கண் விழிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"வா, நடந்துட்டு வருவோம்."

அம்மாவின் முகத்தில் அப்போது வந்தது என்னவென்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. காவலுக்கு வந்துவிட்டார் என்று அவள் நினைத்திருக்கிறாள். பிளாக்கில் பேசுவது அவள் காதிலும் விழுந்துதான் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள்.

அப்பாவோடு நடப்பது ஒரு தனிக் கூத்து. மைன்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு நடை என்றால் வேலைக்கு நடுவில் போவது, அதனால் விறுவிறு என்று போவார். அம்மா பின்னால் ஓடுவாள். ஞாபகம் வந்து நிற்பார். அப்புறம் வழியில் தெரிந்தவர் வருவார், பத்து நிமிஷம் பெல்ட் அறுந்த கதை. அம்மா ஒரு ஓரமாக நின்று ஆகாயத்தைப் பார்ப்பாள். மீதி நேரம் அவளைச் சந்தோஷப்படுத்துவதற்காக அப்பா தென்காசிக் கதைகளை எடுத்துவிடுவார். ஊர் நினைப்பில் ஏங்குகிறவளுக்கு ஊர்க் கதை சொன்னால் ஆறுதலாக இருக்கும் இல்லையா? ஊரை நினைக்காமல் இருக்கத்தான் அவள் நடந்தாள் என்று அவருக்கு யார் சொல்வது? பிளாக்கில் மட்டும் நல்ல பெயர். "புருஷன் பொண்டாட்டி எவ்ளோ ஒத்துமையா போறாங்க பாருங்க" என்று அத்தையே சொன்னாள்.

கொஞ்ச நாளில் அப்பாவுக்குத் தூக்கம் போதாமல் போனது. பகலில் நம் குவார்ட்டர்ஸ் ஓட்டுக்குக் கீழே கோடையில் தூங்க முடியுமா? பார்க்கைத் தாண்டும்போது ஒரு நாள், "ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போவோம்" என்று சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். ரேடியோ குழாயில் நெல்லுக்கு எரு போடுவதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிப்பதற்குள் அப்பா தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்து குறட்டையும் வந்தது.

அம்மா அவரைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, அப்பாவுக்குத் துணையா இங்கயே உக்காந்திரு. எழுப்பிராத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அம்மாவுக்குத் துணையாக அனுப்பப்பட்ட நான் இப்போது அப்பாவுக்குத் துணை. வாயருகே வந்த ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு முழுச் சுற்று நடந்துவிட்டு வந்தாள். வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தோளைத் தட்டினாள்.

"ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?"

"இல்ல, இப்பத்தான்."

அது வழக்கமாகிவிட்டது. வீட்டிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து கிளம்புவோம். பார்க் பெஞ்சில் அப்பா தூங்குவார், நான் காவல் இருப்பேன், அம்மா நடந்துவிட்டு வருவாள். மூன்று பேரும் சேர்ந்து திரும்புவோம். அம்மா முகம் மறுபடி பளிச்சென்று ஆனது. அப்பாவோ, தான் கூட வருவதால்தான் இவளுக்கு இந்தத் தெளிச்சி என்று நினைத்துப் பூரித்துப் போனார். எல்லோருக்கும் திருப்தி. அப்படியே ஓடியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

ஒரு நாள் காலை அப்பா நைட் ஷிப்டிலிருந்து கையில் கட்டோடு வந்தார். "ஒண்ணுமில்ல, ஸ்பானர் வழுக்கிருச்சு. கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன்" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னார். அம்மா அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பெல்ட் ஓடுகிற இடத்தில் கண் அசந்தால் ஸ்பானரோடு போகாது என்பது டவுன்ஷிப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று முழுவதும் அம்மா அடுப்படியில் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் வைத்தாள். அவர் தூங்குகிற அறைக் கதவைப் பலமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமும் கிளம்பினோம். கை வலி போலிருக்கிறது, பெஞ்சில் அப்பா சரியாகத் தூங்கவில்லை. அம்மா போய்க் கொஞ்ச நேரத்தில் கண் விழித்துவிட்டார்.

"அம்மா எங்க?"

பொய் சொல்ல எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "நடக்கப் போயிருக்கா" என்றேன்.

"தனியாவா?"

நான் தலையாட்டினேன். அப்பா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஏதோ உடையப் போகிறது, அதைச் சொன்னவள் நான் என்று மட்டும் புரிந்தது.

வளைவில் அம்மா வந்தாள், கையில் செருப்போடு. அப்பா விழித்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அவள் வேகமாகவும் வரவில்லை, நிற்கவும் இல்லை. வந்து செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா இது?"

"நீங்க தூங்க ஆரம்பிச்ச நாள்லேருந்து."

"எழுப்பியிருக்கலாம்லா? நான் வந்திருப்பேன்லா?"

"வந்திருப்பீங்கன்னுதான் எழுப்பல."

அப்பா குரல் இறங்கிவிட்டது. "என்கூட நடக்கப் பிடிக்கலையா ஒனக்கு?"

"உங்ககூட இருக்கப் பிடிக்கும். பேசிக்கிட்டு உக்காந்திருக்கப் பிடிக்கும். நடக்கது மட்டும் தனியா நடக்கணும்."

"அதான் ஏன்?"

அம்மா காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு சொன்னதை எனக்கு வார்த்தை மாறாமல் சொல்ல முடியும், ஏனென்றால் அம்மா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கல்யாணத்துக்கு முன்னால அண்ணன் இல்லாம வாசலத் தாண்டினதில்ல. பெறகு நீங்க. பெறகு இவ. எங்க ஊருல தெருவுக்கு நாலு வீடு சொந்தக்காரங்க, ஜன்னலுக்கு ஒரு கண்ணு. இங்க ரோடு இம்புட்டு அகலமா கெடக்கு, ஒருத்தரும் மாமனும் இல்ல மச்சானும் இல்ல. ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வாரப்ப தப்பான ரோட்டுல திரும்பிட்டேன். யாரும் என்னன்னு கேக்கல. நல்லா இருந்துது. அம்புட்டுதான். வேற ஒண்ணுமில்ல."

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவர் கையைச் சுட்டிக்காட்டினாள்.

"என்னக் காவல் காக்கதுக்கு நைட்டெல்லாம் கண்ணு முழிச்சு, நாளைக்கு நீங்க எங்கயாவது விழுந்துட்டீங்கன்னா? அந்தக் காவலு எனக்கு எதுக்கு?"

"காவலா? யாரு காவலுக்கு வந்தா? நீ ஊர் நெனப்புல ஏங்குதேன்னு சொன்னாங்க. தனியா விடக் கூடாதுன்னு வந்தேன்."

இப்போது அம்மா திகைத்தாள். "நீங்க செகண்ட் ஷிப்ட் போனா நான் சிங்காரிச்சுட்டு வெளிய போறேன்னு பேசுதாங்களே, அதக் கேட்டுட்டு வந்தீங்கன்னுலா நெனச்சேன்?"

அப்பா அப்படி ஒரு பேச்சு இருப்பதையே அப்போதுதான் கேள்விப்பட்டார். அவர் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. யார் சொன்னது என்று கேட்கவில்லை. ரேடியோ கொரகொரவென்று இரைந்து நின்றது. எழுந்து வீட்டுக்கு நடந்தார், பின்னால் நாங்கள். அன்றிலிருந்து அம்மா நடக்கப் போகவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் அம்மா காபி டம்ளரை வைத்துவிட்டு ஒரு நொடி நின்று பார்ப்பாள். அவர் குடித்துவிட்டுக் கீழே வைப்பார். அந்தச் சில நாட்கள் வீட்டில் மூச்சு விடுவதற்கே யோசனையாக இருந்தது. என்னைத் திட்டக்கூட யாருக்கும் மனமில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம் அப்பா காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு, "கேரியர் ரெடியா?" என்றார். மாற்றிக்கொண்ட ஷிப்டை அவரே போய்ச் சொல்லி ரத்து செய்துவிட்டிருந்தார். பழையபடி செகண்ட் ஷிப்ட். அம்மா அவசரமாகச் சோற்றை அடைத்துக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாப் எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற பிளாக் முனையில்தான். ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கேரியரோடு மரத்தடியில் நின்றிருந்தார்கள். வழியனுப்பிய பெண்கள் அவரவர் கேட்டருகில். அத்தையும் தன் கேட்டில் நின்றிருந்தாள். பஸ் வந்தது. அப்பா படியில் ஒரு கால் வைத்தவர் நின்று, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார். அவர் வீட்டுக்குள்ளேயே குரலை உயர்த்தாதவர்.

"ஏளா! சாயங்காலம் நடக்கப் போறப்ப சாவிய எதிர்வீட்டுல குடுத்துட்டுப் போ! புள்ளையும் அங்கயே இருக்கட்டும்! நீ நிதானமா நடந்துட்டு வா!"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மரத்தடியில் பேச்சு நின்றது. அம்மா வாசலில் சிலையாக நின்றாள். அப்பா அதற்குமேல் யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரைவர்கூட ஒரு கணம் தாமதித்துத்தான் பஸ்ஸை எடுத்தார். அப்பாவை நினைத்து நான் பெருமைப்பட்ட நாட்கள் பல உண்டு. முதல் நாள் அதுதான்.

சாயங்காலம் அம்மா சாவியை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அத்தை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கையை நீட்ட முடியாமல், "அங்க வச்சிட்டுப் போங்கக்கா" என்றாள். அம்மா முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. அம்மா போய்விட்டாள். நான் சுளை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை நெடுநேரம் பேசாமல் இருந்தாள், அவளுக்கு அது பெரிய காரியம்.

"ஏம்மா, உங்கம்மா நடக்கறப்ப என்னாதான் பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. நடக்கும்."

"பேசிகினு போவுமா?"

"பேசவே பேசாது."

"எதனா வாங்கியாவது வருமா?"

"வாங்காது அத்தை. சும்மா போயிட்டு வரும்."

அத்தை கொட்டையைத் தனியாகவும் சுளையைத் தனியாகவும் போட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே அவளுடைய பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியவர், தூங்கி எழுந்து காபி கேட்டார். அத்தை அசையவில்லை.

"வூட்ட வுட்டு ஒரு மணி நேரம், எதுவும் பண்ணாம" என்றாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. கொஞ்சம் கழித்து என்னைப் பார்த்து, "நாளைக்கு நானும் வரட்டான்னு உங்கம்மாவக் கேளு. புள்ளைங்கள இவரு பாத்துக்கட்டும்" என்றாள்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவ்வளவு பாடுபட்டு மீட்ட ஒரு மணி நேரத்தை இப்போது அத்தையின் வாயிடம் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் சாவி வைத்திருப்பவளின் பொல்லாப்பு. எனக்குத் தெரிந்து அன்று ராத்திரி அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினார்கள். பிளாக் முனை வரைக்கும் நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அங்கே ரோடு இரண்டாகப் பிரியும். எந்தப் பக்கம் போனாலும் பார்க்கைச் சுற்றி அதே இடத்துக்கு வந்து சேரும். அம்மா அங்கே நின்றாள்.

"நீங்க அந்தப் பக்கமா போங்க. நான் இந்தப் பக்கமா வாரேன். நடுவுல எதிர எதிர வருவோம். திரும்பி இங்க வந்து ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவோம்."

அத்தைக்குப் புரியவில்லை. "அப்ப எதுக்குக்கா ஒண்ணா கெளம்பி வந்தோம்?"

"வாசலத் தாண்டுறதுக்குத்தான் துணை வேணும். தாண்டுனப்புறம் எதுக்கு?"

அத்தை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஆளில்லாத அந்த அகல ரோட்டைப் பார்த்தாள். அம்மா அதற்குள் செருப்பைக் கழற்றிக்கொண்டு தன் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள். அத்தை முதலில் யாரோ துரத்துவது போல விடுவிடுவென்று போனாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மயில்கொன்றை மரத்தைத் தாண்டியதும் அவள் நடை கொஞ்சம் தளர்ந்தது. அப்புறம் திரும்பவில்லை.

நான் முனையிலேயே விளையாடிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கும் நேரத்தில் அம்மா ஒரு சுற்று முடித்து வந்து நின்றாள். அத்தையைக் காணோம். கொஞ்ச நேரம் பார்த்தோம். நடுவில் எதிரே வந்தபோது அத்தை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தாளாம், ஆனாலும் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. "பயந்துபோயி எங்கயாவது உக்காந்துட்டாளோ?" என்றாள்.

அப்போது எதிர் ரோட்டில் அத்தை தெரிந்தாள், மெதுவாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. பூவெல்லாம் உதிர்ந்து தோளில் கிடந்தது. எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினாள். நாங்கள் நிற்கும் முனைக்கு வந்தாள், நிற்காமல் எங்களைத் தாண்டினாள்.

"நீங்க வூட்டுக்குப் போங்கக்கா" என்றாள். "நான் இன்னொரு சுத்து போயிட்டு வர்றேன்."